மலையிலிருந்து வந்த சால்வைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் சபையின் நோயாளிகள் சந்திப்புக் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியர் பணி. குழுவுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போன தேதி, வீடு, வாசித்த வசனம், பாடிய கீர்த்தனை, மறுபடி எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவரைப் பற்றி அந்த நோட்டில் எழுதியிருந்தவற்றை அண்மையில் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். அவர் மற்றவர்களுக்குச் செய்தது பக்கம் பக்கமாக இருந்தது. நாங்கள் அவருக்குச் செய்தது அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. அந்த அரைப் பக்கம்தான் என்னை உட்கார்ந்து இதை எழுத வைத்தது.

அவருடைய சம்மதம் பெற்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். ‘அக்கா’ என்றே குறிப்பிடுகிறேன். மலையில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், வயதில் மூத்த நானும்தான்.

அக்காவின் நிலை

வயது 54. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். பதினாறு வயதிலிருந்து காப்பித் தோட்ட வேலை. பழம் எடுப்பது, களை வெட்டுவது, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுவது என்று எல்லா வேலையும் தெரியும். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகளை ஆத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மகன் வாடகை ஜீப் ஓட்டுகிறார், அவருடன்தான் இருக்கிறார்.

சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கால் வீங்கியது, வாய் குமட்டியது, உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. பித்தம் என்று கைவைத்தியம் பார்த்தார்கள். சேலத்துக்கு இறக்கிக் கொண்டு வந்தபோது இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டிருந்தன. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். அந்தக் கையால் இனிப் பாரம் தூக்கக் கூடாது, அதில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, தினமும் விரலை வைத்து உள்ளே அதிர்வு ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். காப்பிக் கூடை சுமந்த கை அது. தோட்ட வேலை அன்றோடு முடிந்தது.

செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நல்ல சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் செய்கிற வேலையை, இயந்திரம் அவருக்கு எட்டு மணி நேரத்தில் செய்து முடிக்க வேண்டும். மீதி 160 மணி நேரத்தை அவரே நாக்கைக் கட்டிக் காத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் இளநீர், வாழைப்பழம், தக்காளி, ஆரஞ்சு எதுவும் ஆகாது. ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு ஆரஞ்சு ஆகாது என்று சொல்லும்போது மருத்துவருக்கே மனம் வரவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு அடங்கிவிடுகிறது. மகன் வாரத்தில் இரண்டு நாள் ஜீப் எடுக்காமல் இழக்கிற வருமானம் எந்தத் திட்டத்திலும் அடங்காது. இதை நாங்கள் யாரும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

முதல் ஆறு மாதம்

அக்கா கோபத்தில் இருந்தார். இதை மழுப்பாமல் எழுத வேண்டும். துன்பத்தில் அன்பு காட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் முதல் நாளிலிருந்தே புன்னகையோடு இருந்ததாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது கேட்பவர்களைத்தான் ஒடித்துவிடுகிறது. ‘எனக்கு அந்தப் புன்னகை வரவில்லையே, எனக்கு விசுவாசம் இல்லையோ’ என்று இருட்டில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார். நாங்கள் மலையேறிப் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருந்தால் ஆண்டவரிடம் சொல்லிவிடும்மா என்றார். பிறவிக் குருடனைக் காட்டி சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்று இயேசு சொன்ன பதிலை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர் அந்தப் பெரியவர். இருந்தும் கேட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். மிஷனெரி எவ்லின் பிராண்ட் அம்மையாரின் கதையைச் சொன்னேன். கொல்லிமலை முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஊழியம் செய்த அவருடைய கணவர் ஜெசி பிராண்ட் 1929-இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். விதவையான எவ்லின் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த வயதில், இனி எனக்கு நானே எஜமானி என்று மலைக்குத் திரும்பினார். கொல்லிமலை, கல்வராயன்மலை என்று குதிரையிலும் காலிலும் ஊர் ஊராகப் போனார். எலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974-இல், 95 வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இவ்வளவையும் நான் கட்டிலருகே நின்றுகொண்டு சொல்லி முடித்தேன். அக்கா திரும்பவே இல்லை. கதை உண்மையானதுதான், சொன்ன வேளைதான் கெட்டது. வலியில் கிடப்பவரிடம் இன்னொருவரின் வீரத்தைச் சொல்வது அவரைத் தராசில் ஏற்றி நிறுப்பதாகும்.

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது. வாய் திறந்த பிறகுதான் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்று பெயர் வாங்கினார்கள். நாங்கள் ஏழு நிமிடம்கூடப் பேசாமல் இருக்கவில்லை.

பக்கத்துப் படுக்கை

ஏழாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக ஓர் இளைஞன் வந்தான். அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவன், வயது 27. அன்றுதான் அவனுக்கு முதல் டயாலிசிஸ். தாய் வெளியே நின்றார், உள்ளே விடமாட்டார்கள்.

டயாலிசிஸ் அறைக்குள் இருந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று தெரியாது. அங்கே குளிரும். உடம்பை விட்டு வெளியே வந்து குழாய்களில் சுற்றித் திரும்பும் இரத்தம் சற்று ஆறிவிடுகிறது. நோயாளிகளில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கும். இதற்கு மேல் ஏசி வேறு. வெளியே சேலத்துச் சித்திரை வெயில் கொளுத்தும், உள்ளே பற்கள் தந்தியடிக்கும். அந்தப் பையனுக்கு அது குளிரா, பயமா, சாவா என்று தெரியவில்லை. கண் பிதுங்க மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு நடுங்கினான்.

மலைக்காரியான அக்காவிடம் ஒரு கம்பளிச் சால்வை எப்போதும் உண்டு. வலது கையால் அதை உருவிச் சுருட்டி அவன் மேல் எறிந்தார். வசனம் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “முதல் நாள் அப்படித்தான் இருக்கும். நான்கு மணி நேரம்தான், முடிந்துவிடும்” என்று மட்டும் சொன்னதாக அவன் நினைவு. மீதி நேரம் அக்கா நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

அடுத்த செவ்வாய் இரண்டு சால்வைகள் கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் ஊரில் வீடு வீடாகப் போய், பெட்டியில் கிடக்கும் பழைய கம்பளி, ஸ்வெட்டர் எதுவானாலும் கொடுங்கள் என்று கேட்டார். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கியவை எல்லா வீட்டிலும் இருந்தன. ஆறு மாதம் யாருடைய முகத்தையும் பார்க்காதவர் வாசல் வாசலாக வந்து நின்றதே ஊருக்குப் பெரிய செய்தி.

மருத்துவமனையில் பொறுப்புச் செவிலியர் தடுத்தார். சரியாகவே தடுத்தார். இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கு டயாலிசிஸ் அறை பெயர்போன இடம். ஒருவர் போர்த்தியதை இன்னொருவர் போர்த்த விடக் கூடாது. அக்கா சண்டை போடவில்லை. ஆளுக்கு ஒரு சால்வையை முழுதாகக் கொடுத்துவிட்டார். மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நிறத்தில் நூல் ஓட்டினார். விசைத்தறிப் பையனுக்கு மஞ்சள். மூலைப் படுக்கையில் இருந்த ஓமலூர்ப் பாய்க்குப் பச்சை. ஒவ்வொருவரும் வீட்டில் துவைத்து எடுத்து வர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆண்டு முடிவதற்குள் பதினோரு நிறம் ஆகிவிட்டது.

சால்வைக்குப் பின்னால் மற்றவை வந்தன. அரை லிட்டர் பாட்டிலில் நாள் தண்ணீரை அளந்து வைத்துக்கொள்வது, தாகம் தாங்காதபோது ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வது, காயை நறுக்கி ஊறவைத்து வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது. எல்லாம் அவருக்கு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தவைதாம். ஆனால் நாக்கு வறண்ட ஒருவர் நாக்கு வறண்ட இன்னொருவருக்குச் சொல்லும்போது அது வேறு விதமாக இறங்குகிறது. கோடையில் உறவினர்கள் பாசத்தோடு இளநீர் வாங்கி வருவார்கள். அவர்கள் மனம் நோகாமல் அதைக் கூட வந்தவர்களே குடித்துவிடும்படி செய்வது அவருக்குக் கைவந்தது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். எந்த உபத்திரவத்தில் அகப்பட்டவர்களுக்கும் ஆறுதல் செய்யத் திராணி உண்டாகும்படி தேவன் எங்கள் உபத்திரவங்களில் எங்களுக்கு ஆறுதல் செய்கிறார் என்கிறார். திராணி என்ற சொல்லைப் பாருங்கள். அன்பு செய்ய மனம் மட்டும் போதாது, திராணி வேண்டும். அக்காவின் திராணி அவருடைய நோயிலிருந்தே வந்தது. எங்கே குளிரும், எப்போது கெண்டைக்கால் இழுக்கும், எந்த நேரத்தில் தலை சுற்றும் என்பது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்குப் படித்துத் தெரியும். அவருக்கு உடம்பால் தெரியும்.

இந்த இடத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பதிவு செய்தாக வேண்டும். அங்கிருப்பவர்களுக்கு நீங்கள் சுவிசேஷம் சொல்வதுண்டா என்று கேட்டேன். “கேட்டால் சொல்வேன் சிஸ்டர். கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது? கையில் இரண்டு ஊசி குத்தியிருக்கிறது. எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கம் செய்யக் கூடாது.” முப்பது ஆண்டுகள் வார்டுகளில் நடந்த எனக்கு இது தோன்றியதில்லை. ஓமலூர்ப் பாய்க்கு இரத்த அழுத்தம் சரிந்து கண் செருகிய ஒரு நாளில், “உங்களுக்காக மனதுக்குள் வேண்டிக்கொள்ளட்டுமா?” என்று அனுமதி கேட்டாராம். அவர் தலையசைத்த பிறகே கண்ணை மூடினாராம்.

வீட்டில்

இதற்கு மறுபக்கம் உண்டு. அதை அக்காவே எழுதச் சொன்னார்.

வெளியில் அவ்வளவு பொறுமையாக இருந்தவர் வீட்டில் மகனிடம் எரிந்து விழுந்தார். சோற்றில் உப்பு என்பார், ஜீப்பை வேகமாக ஓட்டுகிறாய் என்பார், நேரமாகிவிட்டது என்பார். டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு பிழிந்து போட்ட துணிபோல இருக்கும். அந்தக் களைப்பு முழுவதும் மகன் மேல் இறங்கியது. “ஊருக்கெல்லாம் அம்மாவிடம் பொறுமை இருக்கிறது. எனக்கு வரும்போது தீர்ந்துவிடுகிறது” என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

இது அக்காவின் அன்பைப் பொய்யாக்கிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. வாரம் எட்டு மணி நேரம் பார்க்கிறவர்களிடம் காட்டும் அன்புக்கும், நம் மூச்சுத் திணறலையும் வாந்தியையும் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் காட்டும் அன்புக்கும் ஆகிற செலவு வேறு. ஆனால் எங்கள் தவறு இங்கே தெளிவாகத் தெரிகிறது. எங்கள் நோட்டில் மகனின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. நோயாளியைச் சந்தித்தோம். நோயாளியைச் சுமப்பவனிடம், காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு, அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

சபை செய்தது

சால்வைச் செய்தி மலையிலிருந்து இறங்கி எங்கள் சபைக்கும் வந்தது. ஸ்தோத்திரப் பண்டிகையில் அக்காவைச் சாட்சி சொல்ல அழைக்க வேண்டும் என்று சொன்னவள் நான். அவர் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தினேன். மூன்று நிமிடம் பேசினார். சபை அழுதது. அன்றைய செய்தி சாறிபாத் விதவையைப் பற்றியது. பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்துக்கொண்டு எலியா தீர்க்கதரிசிக்கு முதல் அடையைச் சுட்டுக் கொடுத்தவள். அக்காவைக் காட்டி, இதோ நம் சாறிபாத் விதவை என்றார் செய்தி கொடுத்தவர்.

அதன் பிறகு அக்காவின் தொலைபேசி ஓயவில்லை. யாருக்கு என்ன நோய் வந்தாலும், அந்த அக்காவிடம் பேசுங்கள், தைரியம் வரும் என்றார்கள். நாங்கள் அதோடு நிற்கவில்லை. சந்திப்பு அட்டவணையில் அவர் பெயரைச் சேர்த்தோம். வாரத்துக்கு இரண்டு நாள், மலையில் உள்ள வீடுகள். செவ்வாயும் வெள்ளியும் இயந்திரத்தில், புதனும் சனியும் படுக்கையில் என்றிருந்தவருக்கு மீதி இருந்த நாட்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் மறுக்கவில்லை. மறுக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

போகிற வீட்டிலெல்லாம் காப்பி கொடுப்பார்கள். மலையில் காப்பி வேண்டாம் என்று சொன்னால், உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொல்வதுபோல. அரைத் தம்ளர் போதும் என்று வாங்கிக் குடிப்பார். நான்கு வீட்டுக்கு நான்கு அரைத் தம்ளர். முக்கால் லிட்டர் கணக்கு உடைந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறுகிற எடை கூடிக்கொண்டே போனதை மருத்துவமனையில் குறித்து எச்சரித்திருக்கிறார்கள். அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. செவிலியாக இருந்தவளுக்கு இதற்கு மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அவரிடம் கேட்டேன்.

மார்கழியில் ஒரு வியாழன் இரவு ஓமலூர்ப் பாய் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை அடக்கம். அக்கா காலையில் மலையிலிருந்து இறங்கினார், மருத்துவமனைக்குப் போகவில்லை. ஓமலூருக்குப் போய், பாயின் மனைவிக்குப் பக்கத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்தார். பச்சை நூல் ஓட்டிய சால்வையை அந்த அம்மாள் மடியில் வைத்திருந்தாராம்.

சனி இரவு பதினொரு மணிக்கு அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மகன் ஜீப்பில் உட்கார வைத்தான். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பனி மூடிய இரவில், முன் இருக்கையைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தபடி அவர் ஒவ்வொரு வளைவையும் எண்ணினாராம். பதிமூன்றுக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது என்றார். நான்கு கிலோ எடை கூடியிருந்தது. அவசர டயாலிசிஸ், ஆறு நாள் மருத்துவமனை. பிழைத்துக்கொண்டார்.

எங்கே பிசகியது

சபையில் இரண்டு கருத்து இருந்தது. டயாலிசிஸை விட்டுவிட்டு அடக்கத்துக்குப் போனது விவேகமில்லை என்றார்கள் சிலர். தன் உயிரையும் பாராமல் போனாரே, இதுவல்லவா கிறிஸ்துவின் அன்பு என்றார்கள் சிலர். எனக்கு இரண்டுமே தப்பாகப் பட்டது. முதல் தரப்பு அவரைக் குற்றவாளியாக்கியது. இரண்டாம் தரப்பு அவருடைய சாவையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தது. அது எனக்கு இன்றும் பயம் தருகிறது.

அவர் ஓமலூருக்குப் போனதில் தவறில்லை. அந்தக் காலையில் ஒருவர், ‘அக்கா, நான் பாய் வீட்டில் போய் உட்காருகிறேன். நீங்கள் டயாலிசிஸ் முடித்துவிட்டு மாலையில் வாருங்கள்’ என்று சொல்ல இல்லாததே தவறு. மருத்துவமனையில் அன்றே வேறு வேளை கேட்டுப் பார்க்க ஓர் ஆள் இல்லாததே தவறு.

கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் இரண்டாம் வசனம், ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்கிறது. ஐந்தாம் வசனம், ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறது. தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் சொற்கள் வேறு. முதலாவது ஆளை நசுக்குகிற சுமை. இரண்டாவது அவரவர் முதுகுக்கு அளந்த மூட்டை. அக்காவின் கையில் ஏறுகிற ஊசியை யாரும் பங்கு போட முடியாது. தாகத்தையும் முடியாது. ஆனால் விடியற்கால பஸ், மகனின் இழந்த கூலி, ஓயாத தொலைபேசி, தட்ட முடியாத காப்பித் தம்ளர் ஆகிய அனைத்தையும் பங்கு போட்டிருக்கலாம். நாங்கள் பிரித்து எடுக்க வேண்டியதை எடுக்காமல், எங்கள் வீட்டு மூட்டைகளையும் அவர் மேல் ஏற்றினோம்.

சாறிபாத் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டோம். ‘பானையிலே மா செலவழிந்துபோகவும் இல்லை, கலசத்தின் எண்ணெய் குறைந்துபோகவும் இல்லை’ என்பது அதன் மறுபாதி. கொடுத்தவளும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள். அவள் சுட்ட அடையை மட்டும் நாங்கள் பிரசங்கித்தோம். அவள் பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இங்கே கொல்லிமலைக்கு மறுபடி வருகிறேன். எவ்லின் பிராண்டின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, சிறு வயதில் அந்த மலையிலேயே வளர்ந்தவர், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகறிந்தவர். தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் படிப்படியாகத் தேய்ந்து போகின்றன என்பதைக் கண்டு சொன்னார். வலி தெரியாத உறுப்பைத்தான் உடல் இழக்கிறது. ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் எழுதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சனி இரவு இருபது வளைவுகளில் அக்கா இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் சபையில் ஒருவருக்கும் வலிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில், அக்கா ஏன் வரவில்லை என்று பேசிக்கொண்டோம்.

மருத்துவமனையில் ஐந்தாம் நாள் அக்கா தாமாக ஒன்று கேட்டார். “அன்றைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா கதை சொன்னீர்களே சிஸ்டர். இடுப்பு ஒடிந்தபோது அவர்களை மலையிலிருந்து இறக்கியது யார்?” மலைமக்கள்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதை நீங்கள் சொல்லவே இல்லையே” என்றார்.

மாற்றியவை

பெரிதாக ஒன்றுமில்லை. அட்டவணையிலிருந்து அவர் பெயரை எடுத்தோம். சாட்சி கேட்டு யாரும் அணுகக் கூடாது என்று போதகர் சபையில் சொன்னார். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் கோரிமேட்டில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, மறுநாள் மலையேறுகிறார். செவ்வாய் அன்று எங்களில் ஒருவர் பஸ் நிலையத்தில் நிற்கிறோம். மகன் இரண்டு நாளும் ஜீப் எடுக்கிறான். மாதம் ஒரு முறை அவனைப் பார்க்கவென்றே ஒருவர் போகிறார். வசனம் வாசிக்க அல்ல, அவன் சொல்வதைக் கேட்க. சந்திப்புக்குப் போகும் இடத்தில் காப்பியை எப்படி மறுப்பது என்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு கூட்டம் முழுவதும் பேசினோம். கடைசியில், வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

சால்வைகள் நிற்கவில்லை. அதைக் கேட்டு வாங்குகிற வேலையை மட்டும் வேறு இருவர் எடுத்துக்கொண்டார்கள். நூல் ஓட்டுவதை அக்கா விடவில்லை. மகனிடம் எரிந்து விழுவதும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் இப்போது விழுந்தபின் கூப்பிட்டுப் பேசுகிறார் என்று மகன் சொன்னான்.

பெரிய வெள்ளி

இந்த ஆண்டு பெரிய வெள்ளியன்றும் அவருக்கு டயாலிசிஸ் உண்டு. ஆலயத்தில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொருவராகத் தியானிப்பார்கள். சிறு வயதிலிருந்து தவறாமல் உட்கார்ந்தவர். அன்று நான் ஆலயத்துக்குப் போகாமல் பொறுப்புச் செவிலியரின் அனுமதியோடு அவர் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்தேன். பேசக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். பேசவில்லை.

அவரே பேசினார். “எனக்கு அந்த ஐந்தாம் வார்த்தை புரிந்ததே இல்லை சிஸ்டர். மூன்றாவதில் அம்மாவை யோவானிடம் ஒப்புக்கொடுக்கிறார். அவ்வளவு வலியில் அடுத்தவரை நினைக்கிறார். அது புரிகிறது. அப்புறம் ஏன் தாகமாயிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்? அவரால் அடக்கிக்கொள்ள முடியாதா? யாரோ ஒரு சேவகன் காடியில் கடற்காளானைத் தோய்த்து நீட்டுகிறான், அதை வாங்கிக்கொள்கிறாரே.” நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை. கொடுத்த அதே சிலுவையில் கேட்கவும் செய்தார் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மணி நேரத்தில் அவர் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. இத்தனை நாளில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தலையைத் திருப்பி, மஞ்சள் நூல் சால்வைக்குள் கிடந்த விசைத்தறிப் பையனைப் பார்த்தார். இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் அவனுடைய பிளாஸ்க் இருந்தது.

“தம்பி, தாகமாக இருக்கிறது.”

அவன் ஊசி இல்லாத கையால் மூடியைத் திறந்து, ஸ்பூனில் ஒரு துண்டு ஐஸை எடுத்து நீட்டினான்.

“ஒன்றுதான் அக்கா” என்றான். “கணக்கு இருக்கிறது.”